விலக்குப் பட்டியலில் ஒரு வருத்தம்

கிழக்கிலங்கைப் பேச்சு வழக்கில் நோயை 'வருத்தம்' என்போம். 'அவருக்கு என்ன வருத்தம்?' என்று ஒருவர் கேட்டால், என்ன நோய் என்று கேட்கின்றார் என்றே பொருள். உடலுக்கு வருவதையும் மனதுக்கு வருவதையும் ஒரே சொல்லால் சுட்டுகின்ற வழக்கு இது. மருத்துவக் காப்புறுதிப் பத்திரங்களை எழுதுவோர் இந்த வழக்கை அறியாதவர்கள். இரண்டையும் வேறு வேறாகப் பிரித்து, ஒன்றுக்குப் பணம் தருவோம், மற்றதற்குத் தரமாட்டோம் என்று எழுதி வைத்திருக்கின்றார்கள்.

காப்புறுதிப் பத்திரம் ஒன்றின் முதற் பக்கங்கள் எப்போதும் தாராளமானவை. சத்திரசிகிச்சைக்கு இவ்வளவு, மகப்பேற்றுக்கு இவ்வளவு, வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று அட்டவணை போட்டிருப்பார்கள். பின்பக்கத்தில், சிறிய எழுத்தில், 'விலக்குகள்' என்ற தலைப்பு வரும். இந்தப் பதிவுக்காக நண்பர்களிடமும் உறவினர்களிடமும் நான்கு பத்திரங்களை இரவல் வாங்கி அந்தப் பின்பக்கங்களை வாசித்தேன். மூன்றில் மனநோய்கள் முற்றாக விலக்கப்பட்டிருந்தன. நான்காவதில் அதுபற்றி ஒரு வார்த்தையும் இல்லை. உண்டா இல்லையா என்பதை வருத்தம் வந்த பின்னர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

மனநோய்க்குப் பக்கத்தில் நின்றவை எவை என்பதையும் கவனித்தேன். அழகுக்காகச் செய்துகொள்ளும் சத்திரசிகிச்சை, மதுபோதையில் நேரும் விபத்து, குற்றச்செயலில் ஈடுபடும்போது ஏற்படும் காயம். அதாவது, விரும்பித் தேடிக்கொண்டவையும் தவறு செய்து வாங்கிக்கொண்டவையும். இந்த வரிசையில் ஒரு நோயாளியைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் அவரைப் பற்றி என்ன நினைக்கின்றார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கின்றேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களைத் தவிர்த்திருக்கின்றேன். கணவர் கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் வேலை செய்பவர். மனைவி ஆலையடிவேம்புப் பகுதியில் தாய் தந்தையருடன் இருப்பவர். இரண்டாவது பிள்ளை பிறந்து சில வாரங்களில் அந்தப் பெண்ணுக்கு உறக்கம் போயிற்று. பிள்ளையைத் தூக்கப் பயந்தார். சாப்பாட்டை வெறுத்தார். 'யோசனை கூடிப்போச்சு' என்றார்கள் வீட்டில். தாய் கோயிலுக்கு அழைத்துச் சென்று வாக்குக் கேட்டார். பக்கத்து ஊர் முஸ்லிம் சிநேகிதி ஒருவர் தமக்கு நம்பிக்கையான மௌலவியிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றும் சரிவராத நிலையில் கணவர் கொழும்புக்கு அழைத்துச் சென்று தனியார் வைத்தியசாலை ஒன்றில் அனுமதித்தார். ஒன்பது நாட்கள். வைத்தியர்கள் நல்லவர்கள், பெண் தேறத் தொடங்கினார். பில் அவரது மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கியது.

நிறுவனம் வழங்கிய குழுக் காப்புறுதிக்கு விண்ணப்பித்தார். ஒரு வரிக் கடிதம் வந்தது: குறித்த சிகிச்சை பத்திரத்தின் விலக்குகளுக்குள் அடங்குகின்றது. "அண்ணன், போன வருசம் எனக்கு அப்பென்டிக்ஸ் ஒப்பரேசனுக்கு ஒரு கேள்வியும் கேக்காமத் தந்தவங்கள். இவக்குத்தான் இல்லையாம்" என்று என்னிடம் சொன்னார். பணம் போனதைவிட இன்னொன்று அவரை வாட்டியது. விண்ணப்பம் அலுவலகத்தின் ஆளணிப் பிரிவு ஊடாகவே போக வேண்டியிருந்ததால், மனைவிக்கு என்ன வருத்தம் என்பது அலுவலகம் முழுவதும் தெரிந்துவிட்டது. பணமும் கிடைக்கவில்லை, மறைவும் மிஞ்சவில்லை.

இதன் பின்பகுதிதான் முக்கியமானது. ஊருக்குத் திரும்பிய பின்னர், பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் தாயிடம் நிதானமாகப் பேசி, அரசாங்க வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். வீட்டிலிருந்து முச்சக்கர வண்டியில் போகக்கூடிய தூரம். கட்டணம் இல்லை. தமிழில் பேசும் வைத்தியர். மாதாமாதம் குளிசை. அந்தப் பெண் இப்போது நன்றாக இருக்கின்றார். கொழும்புக்குப் போய்ப் பெருந்தொகை செலவழித்தவர்களுக்கு, பக்கத்திலேயே இப்படி ஒரு கிளினிக் நடப்பதை அதுவரை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

காசு கட்டிய காப்புறுதி கைவிட்டது. காசு கட்டாத சேவை கைகொடுத்தது. ஆனால் அது இருப்பதே தெரியாமல் இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனநோய் விடயத்தில் நாம் எங்கே நிற்கின்றோம் என்பது விளங்கும்.

முதலில் காப்புறுதியை எடுத்துக்கொள்வோம். இந்த விலக்கு இயற்கை நியதி அல்ல. ஒரு சட்டத்தால் நீக்கக்கூடியது. பாக்கு நீரிணைக்கு அப்பால் அதை நீக்கிக் காட்டியிருக்கின்றார்கள். இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, உடல் நோய்க்கான சிகிச்சைக்கு எந்த அடிப்படையில் காப்புறுதி வழங்கப்படுகின்றதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்புறுதிக் கம்பனிகள் வழங்க வேண்டும் என்கின்றது. ஒரே வாக்கியம்தான். அதே ஆண்டு ஓகஸ்டில் அந்நாட்டின் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணையம் இதைப் பின்பற்றுமாறு கம்பனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

கம்பனிகள் உடனே பணிந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். பழைய விலக்கைக் காட்டிப் பணம் மறுப்பது தொடர்ந்தது. மனநோய்க்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு அவ்வாறு மறுக்கப்பட்டபோது அவர் டில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார். சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து அந்த விலக்குக்கு இடமில்லை என்று 2021 ஏப்ரலில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பின்னரும், 2022 ஒக்டோபர் 31ஆம் திகதிக்குள் எல்லாக் காப்புறுதித் திட்டங்களும் மனநோயை உள்ளடக்கியாக வேண்டும் என்று ஆணையம் மீண்டும் காலக்கெடு விதிக்க நேர்ந்தது. சட்டம் எழுதுவது ஒரு வேலை. அதைக் கேட்டுப் பெறுவது இன்னொரு வேலை. அந்தப் பெண் நீதிமன்றப் படியேறியிராவிட்டால், காகிதத்தில் இருந்த உரிமை காகிதத்திலேயே இருந்திருக்கும்.

இந்தியா இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பாதை துயரமானது. 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலையில் தமிழ்நாட்டின் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. 28 நோயாளர்கள் உயிரிழந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. தர்காவை நாடி நோயாளரை அழைத்து வந்த குடும்பங்கள் அவர்களை அங்கே விட்டுச் சென்றிருந்தன. நமது கரையோரத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாஹுல் ஹமீது ஒலியுல்லாஹ்வின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறுகின்றது. நேர்ச்சைக்கும் நம்பிக்கைக்கும் கடல் தடையாக இருந்ததில்லை. ஏர்வாடிக் குடும்பங்களைக் குறைகூறுவது எளிது. ஆனால் தமது ஊரில், தமது கைக்கு எட்டிய செலவில் ஒரு வைத்தியர் இருந்திருந்தால் அவர்களுள் எத்தனை பேர் அந்தக் கொட்டகையை நாடியிருப்பார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

இலங்கைக்கு வருவோம். மனநோய் தொடர்பான நமது கட்டளைச் சட்டம் 1873ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆட்சி இயற்றியது. நோயாளியை எவ்வாறு அடைத்து வைப்பது என்பதே அதன் பெருங்கவலை. அதற்குப் பதிலாக ஒரு புதிய சட்டம் வேண்டும் என்ற பேச்சும் வரைபுகளும் பல்லாண்டுகளாக இருந்து வந்துள்ளன. அந்தச் சட்டத்தில் இந்தியாவின் அந்த ஒரு வாக்கியத்துக்கும் இடம் வேண்டும். அதற்குக்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நமக்கும் காப்புறுதித் துறையை ஒழுங்குபடுத்தும் ஓர் ஆணைக்குழு இருக்கின்றது. மனநோயை உடல்நோயிலிருந்து பிரித்து விலக்குவதற்கு முடிவுகட்ட அது முன்வர வேண்டும். அரசு தானே முன்மாதிரி காட்டவும் வழி உண்டு. அரச ஊழியருக்கான 'அக்ரஹார' காப்புறுதிக்கு ஆசிரியரும் எழுதுவினைஞரும் தாதியரும் தமது சம்பளத்திலிருந்து மாதாமாதம் பங்களிக்கின்றார்கள். மனநோய்க்கும் இதில் உரித்து உண்டு என்பதை யாவருக்கும் விளங்கும் சொற்களில், மூன்று மொழிகளிலும், விண்ணப்பப் படிவத்தின் முதற் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

கம்பனிகளின் வாதம் எனக்குத் தெரியும். மனநோயை அளவிட முடியாது, எக்ஸ்றே எடுத்துக் காட்ட முடியாது, நீண்டகாலம் இழுபடும் என்பார்கள். முதுகுவலியையும் பல வேளைகளில் எக்ஸ்றேயில் காட்ட முடிவதில்லை. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் மனிதரோடு ஆயுள் முழுவதும் இருப்பவை. எந்த நோயிலும் பொய்க் கோரிக்கை வரலாம். அதைக் கண்டுபிடிக்கக் கம்பனிகளிடம் ஆட்கள் இருக்கின்றார்கள். விலக்கு வைப்பதால் வேறொரு தீமை நேர்கின்றது. நோயின் பெயரை மாற்றி எழுதித் தருமாறு வைத்தியரிடம் கெஞ்சுகின்ற குடும்பங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கின்றேன். மனச்சோர்வு 'இரைப்பை அழற்சி' ஆகின்றது. பீதி நோய் 'தலைச்சுற்று' ஆகின்றது. நோயாளியின் கிளினிக் கொப்பியில் அந்தப் பொய் நிலைத்துவிடுகின்றது. அடுத்த வைத்தியர் அதை நம்பி மருந்து எழுதுகின்றார்.

ஆனால் விலக்கு நீங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நமது காப்புறுதிகளில் பெரும்பாலானவை வாட்டில் கட்டில் எடுத்துத் தங்குவதை மையமாகக் கொண்டவை. மனநோயாளருள் மிகப் பெரும்பான்மையோருக்குக் கட்டில் தேவைப்படுவதில்லை. அவர்களுக்கு வேண்டியவை மாதாந்தக் கிளினிக், தவறாத குளிசை, அமர்ந்து கேட்கும் ஓர் உளவளத்துணையாளர், ஓராண்டோ ஈராண்டோ அறாத தொடர்பு. வெளிநோயாளர் செலவைத் தராத காப்புறுதி, மனநோயை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னாலும் அதில் பாதிப் பயன்கூட இல்லை. ஆகவே விலக்கை நீக்கும்போது வெளிநோயாளர் சிகிச்சையையும் உளவளத்துணையையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வளம் கொழிக்கும் நாட்டிலும் பத்திரம் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்கா சாட்சி. மனநலக் காப்புறுதி வழங்கும் திட்டங்கள் உடல்நோய்க்கு இல்லாத கட்டுப்பாடுகளை அதற்கு விதிக்கக் கூடாது என்ற சட்டம் அங்கே 2008இல் வந்தது. ஆனால் காப்புறுதி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வைத்தியரைத் தேடிப் புறப்பட்டவர்களுக்கு வேறொரு சுவர் காத்திருந்தது. 2023 மே மாதத்தில் அமெரிக்க செனற் சபையின் நிதிக் குழு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. ஆறு மாநிலங்களில் முதியோருக்கான 12 காப்புறுதித் திட்டங்களின் பட்டியல்களில் இருந்த மனநல சேவையாளர்களைக் குழுவின் ஊழியர்களே தொலைபேசியில் அழைத்துப் பார்த்தார்கள். 120 பெயர்கள். நேரம் ஒதுக்கிப் பெற முடிந்தது 18 வீதமான அழைப்புகளில் மட்டுமே. எஞ்சியவற்றில் எண் பிழை, அழைப்புக்குப் பதில் இல்லை, அல்லது புதிய நோயாளரை ஏற்பதில்லை. உரிமை உண்டு, பட்டியல் உண்டு, வைத்தியர் இல்லை.

இந்தியாவிலும் இதே கதைதான். 2015-16இல் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 வீதம் வரையானோர் சிகிச்சை பெறாதிருந்ததாகக் கண்டது. இவ்வளவு பெரிய இடைவெளியைக் காப்புறுதிச் சட்டம் மட்டும் நிரப்பிவிடாது. கிராமத்துக்குப் பக்கத்தில் வைத்தியரும் மருந்தும் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் இலங்கையின் இலவச சுகாதார சேவையின் பெறுமதி தெரிகின்றது. நம்முள் பெரும்பாலானோரிடம் காப்புறுதிப் பத்திரம் கிடையாது. வேளாண்மை செய்பவர், தோணியில் கடலுக்குப் போகின்றவர், நெசவு செய்பவர், நாட்கூலிக்குப் போகின்றவர் ஆகியோருக்கு அரசாங்க ஆஸ்பத்திரிதான் காப்புறுதி. அந்த சேவை மனநோயாளரை நோக்கி வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு.

என் இளமையில் மனநோய் என்றால் அங்கொடைதான். இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கும் அப்பால், மொழி விளங்காத இடம். 'அங்கொடைக்கு அனுப்ப வேண்டியவன்' என்பது வசைச்சொல்லாகவே வழங்கியது. ஒருவரை அங்கே அனுப்பிவிட்டால் திரும்பப் போய்ப் பார்க்கவே பலருக்கு வசதி இருக்கவில்லை. போர்க்காலத்தில் வீதித்தடைகள் வேறு. 2000களில் மட்டக்களப்பில் பணியாற்றிய உளமருத்துவ நிபுணர் மகேசன் கணேசன் போன்றோர், நோயாளரைக் கொழும்புக்கு அனுப்பாமல் ஊரிலேயே வைத்துப் பராமரிக்க முடியும் என்பதைச் செய்து காட்டினார்கள். ஆலையடிவேம்பிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 65 கிலோமீற்றர். அங்கொடையோடு ஒப்பிட்டால் அது பக்கத்து வீடு.

பின்னர் 2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிற்று. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில் என்று கரையோரம் முழுவதும் இழவு வீடாயிற்று. அந்தப் பேரழிவுக்குப் பின்னர் 2005 ஒக்டோபரில் அமைச்சரவை தேசிய மனநலக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. கொழும்பைச் சுற்றிய பெரிய ஆஸ்பத்திரிகளில் குவிந்திருந்த சேவையை மாவட்டங்களுக்குப் பரப்புவதே அதன் சாரம். மனநலத்துக்கெனப் பயிற்றப்பட்ட வைத்திய உத்தியோகத்தர்கள் மாவட்ட, பிரதேச மட்டங்களுக்கு வந்தார்கள். அனர்த்தத்துக்குப் பின் மனநல சேவையைக் கட்டியெழுப்பிய நாடுகளுக்கு எடுத்துக்காட்டாக, 2013ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன அறிக்கை ஒன்று இலங்கையையும் குறிப்பிட்டது. ஆலையடிவேம்பு உள்ளிட்ட நமது தமிழ்பேசும் கரையோரப் பிரதேசங்கள் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் கீழ் வருகின்றன. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கிளினிக் வாங்கில் அருகருகே அமர்ந்து ஒரே மொழியில் தமது வருத்தத்தைச் சொல்லக்கூடிய இடம் இது. 1990ஆம் ஆண்டின் வன்செயல்களில் இரு சமூகமும் மாறி மாறி இரத்தம் சிந்திய மண்ணில், 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதுக் குண்டுச் சத்தம் கேட்ட மண்ணில், இதைச் சிறிய விடயமாக நான் கருதவில்லை.

ஆனால் குறைகள் உண்டு. அவற்றை மறைத்து எழுதுவது இந்த சேவைக்குச் செய்யும் உதவியாகாது. நிபுணர்களும் உளவளத்துணையாளர்களும் போதாது. ஒரு கிளினிக் நாளில் வரிசை நீள்கின்றது. ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே கிடைக்கின்றன. மனம் திறப்பதற்குச் சில நிமிடங்கள் போதுமா? 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நாட்டை உலுக்கியபோது, குளிசை நின்றால் மீண்டும் நோய் தலைதூக்கும் என்ற அச்சத்தில் குடும்பங்கள் மருந்துக்கடை கடையாக அலைந்தன. கிளினிக்குக்குப் போக ஒரு நாள் கூலி போகின்றது. கிளினிக் அறையின் வாசலில் 'மனநலப் பிரிவு' என்ற பலகையின் கீழ் அமர்ந்திருப்பதை ஊரார் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம், குறிப்பாகக் குமர்ப்பிள்ளைகள் உள்ள வீடுகளில், நோயைவிடப் பெரிதாக இருக்கின்றது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இப்படி ஒரு சேவை இருப்பதே பலருக்குத் தெரியாது. இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு உளநலக் கிளினிக் என்பதை ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் பாடசாலையிலும் எழுதி ஒட்டலாம். கோயில் நிர்வாகங்களும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் ஒலிபெருக்கியில் எத்தனையோ அறிவித்தல்களைச் செய்கின்றன, இதையும் செய்யலாம். வாக்குக் கேட்கப் போவோரையும் ஓதிப் பார்ப்போரையும் நான் பழிக்க மாட்டேன். நெஞ்சில் பாரத்தோடு நிற்கும் மனிதருக்கு அங்கே ஓர் ஆறுதல் கிடைக்கின்றது. பூசகரும் மௌலவியும் 'இதையும் செய்வோம், கிளினிக்குக்கும் போய்வாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னால், எத்தனையோ சுவரொட்டிகள் செய்யாததை அது செய்துவிடும்.

குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு நான் தனியாகத் தலை வணங்குகின்றேன். பிள்ளை பெற்ற தாயின் மனநிலையை அறிய, 1987இல் ஸ்கொட்லாந்தில் உருவாக்கப்பட்ட பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாக்கொத்து உலகெங்கும் பயன்படுகின்றது. விடையளிக்கச் சில நிமிடங்களே ஆகும். மேலே சொன்ன பெண்ணின் வீட்டில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான்: ஒருவர் உட்கார்ந்து கேட்டார்.

வெளிநாடுகளில் இருந்து வாசிக்கும் உறவுகளுக்கும் சில வார்த்தைகள். நீங்கள் வாழும் நாடுகளில் வாசல்கள் வேறு வேறு இடங்களில் இருக்கின்றன. இங்கிலாந்தில் பேச்சுச் சிகிச்சைக்குக் குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலே தேசிய சுகாதார சேவையில் நேரடியாகப் பதிவு செய்யலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அவுஸ்திரேலியாவில் குடும்ப வைத்தியர் ஒரு மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதித் தந்தால், உளவியலாளரிடம் ஆண்டுக்கு 10 அமர்வுகள் வரை மெடிக்கெயர் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றது. ஒன்ராறியோவில் குடும்ப வைத்தியர் அனுப்பினால் உளமருத்துவ நிபுணரின் செலவை மாகாணக் காப்புறுதி ஏற்கின்றது. தனியார் உளவியலாளருக்கு வேலைத்தல நலத்திட்டத்தைப் பார்க்க வேண்டும். சுவிற்சர்லாந்தில் 2022 ஜூலை முதல், வைத்தியரின் பரிந்துரையோடு உளவியலாளரிடம் செல்லும் செலவையும் அடிப்படைக் காப்புறுதி ஏற்கின்றது. இவற்றை அறியாமல், முகாம்களின் நினைவுகளையும் காணாமற்போனோரின் பெயர்களையும் நெஞ்சுக்குள் பூட்டிக்கொண்டு இரண்டு வேலை செய்யும் எத்தனையோ பேரை நான் அறிவேன். உங்கள் பத்திரத்தையும் எடுத்துப் பின்பக்கத்தை வாசியுங்கள். வருத்தம் வருவதற்கு முன்னர் வாசியுங்கள்.

இலங்கையில் இருப்போர் செய்யக்கூடியவையும் உள்ளன. வேலைத்தலத்தில் காப்புறுதி இருந்தால், ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்படும் வேளையில் தொழிற்சங்கமோ நலன்புரிச் சங்கமோ நிர்வாகத்திடம் மனநோய் விலக்கை நீக்கிய திட்டத்தைக் கேட்க வேண்டும். ஒருவர் தனியே கேட்டால் 'இவருக்கு ஏதோ' என்று பார்ப்பார்கள். சங்கம் கேட்டால் அது கோரிக்கை. கம்பனி பணம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் பெறுங்கள். முதலில் கம்பனியிடமே மேன்முறையீடு செய்து, பின்னர் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் எனப்படும் குறைகேள் அதிகாரிக்கு எழுதுங்கள். காப்புறுதி இல்லாதவர்கள் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்று உளநலக் கிளினிக் எந்த நாள் என்று கேட்டாலே போதும். நள்ளிரவில் உயிரை வெறுக்கும் எண்ணம் எழுந்தால் காத்திருக்க வேண்டாம். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். அல்லது பக்கத்தில் இருப்பவரை எழுப்பலாம்.

நமது மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கின்றேன். மனநோயை விலக்கும் வாசகத்தைக் காப்புறுதிப் பத்திரங்களிலிருந்து சட்டத்தால் நீக்குங்கள். கல்முனைப் பிராந்தியத்தின் ஒவ்வொரு பிரதேசத்திலும் வாரத்தில் ஒரு நாளாவது, பொது நோயாளரோடு கலந்து இருக்கக்கூடிய வகையில், மருந்து தீராத ஓர் உளநலக் கிளினிக் நடப்பதை உறுதிசெய்யுங்கள். கட்டடமும் அடிக்கல்லும் திறப்புவிழாவும் இதற்கு வேண்டாம். ஒரு வைத்தியர், ஒரு தாதி, ஒரு உளவளத்துணையாளர், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. அடுத்த முறை அவர்கள் நம் ஊருக்கு வாக்குக் கேட்டு வரும்போது, வீதிக்கும் மின்விளக்குக்கும் அடுத்ததாக இதையும் கேட்போம்.